கடை பூட்டிய பிறகு மீட்டர் எவ்வளவு ஓடுகிறது?

நீங்கள் எழுதியிருந்ததை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். கோவில்பட்டிப் பக்கம் 600 சதுர அடியில் மினி சூப்பர் மார்க்கெட். காலை 7 மணிக்குத் திறந்து இரவு 10 மணிக்குப் பூட்டுகிறீர்கள். கண்ணாடிக் கதவு வைத்த கூல்டிரிங்ஸ் ஃபிரிட்ஜ் இரண்டு, ஐஸ்கிரீம் ஃப்ரீசர் இரண்டு, பால் தயிருக்கு ஒரு பெட்டி, ஒன்றரை டன் ஏசி இரண்டு. போன வருஷம் 20 டியூப் லைட்டையும் எல்இடியாக மாற்றினீர்கள். அதே சமயத்தில்தான் இரண்டாவது ஏசியும் வந்தது. இரண்டு மாதத்துக்கு 3,450 யூனிட், 38,000 ரூபாய் பில். ‘லைட்டை மாற்றியும் பில் குறையவில்லை, 5 கிலோவாட் சோலார் போட்டால் பாதியாகிவிடும் என்கிறார்கள், போடலாமா? காய்கறிக்குக் கதவில்லாத சில்லர் ஒன்று வாங்கலாமா?’ என்பது கேள்வி.

சோலாருக்கு அப்புறம் வருகிறேன். கடைகளுக்குக் குளிர்பெட்டி வேலையும் ஒயரிங் வேலையும் இருபது வருஷமாகப் பார்த்து வருகிறேன். பில் அதிகம் என்று யார் கூப்பிட்டாலும் நான் முதலில் செய்யச் சொல்வது ஒரு வேலைதான். இரவு ஷட்டரை இறக்கும்போது மீட்டர் ரீடிங்கைப் போனில் படம் எடுங்கள். காலையில் வந்ததும், ஒரு சுவிட்சைக்கூடத் தொடுவதற்கு முன், இன்னொரு படம். இப்படி மூன்று நாள். கடையில் ஆளில்லாத அந்த 9 மணி நேரத்தில் ஓடிய யூனிட்தான் உங்கள் கடையின் உண்மையான நிலையைச் சொல்லும்.

உங்களிடம் இருக்கும் ஐந்து பெட்டியும் ஒழுங்காக ஓடினால் கேமரா, ஒரு நைட் லைட் எல்லாம் சேர்த்து இரவுக்கு 8 அல்லது 9 யூனிட் வரலாம். 12, 13 என்று வந்தால் ஏதோ ஒன்று கெட்டிருக்கிறது. எது என்று கண்டுபிடிக்கவும் மீட்டரே போதும். முகப்பில் சிவப்பாக ஒரு சின்ன விளக்கு சிமிட்டும். ஒரு யூனிட்டுக்கு எத்தனை முறை சிமிட்டும் என்பதை அதன் பக்கத்திலேயே அச்சிட்டிருப்பார்கள். 3200 என்று இருப்பதாக வைத்துக்கொள்வோம். எல்லாவற்றையும் அணைத்துவிட்டு ஒரே ஒரு ஃப்ரீசரை மட்டும் ஓடவிட்டு ஒரு நிமிஷம் எண்ணுங்கள். 16 முறை சிமிட்டினால் மணிக்கு 960. அதை 3200-ஆல் வகுத்தால் மணிக்கு 0.3 யூனிட். கம்ப்ரஸர் ஓடும்போது இது நியாயமான கணக்கு. அந்தக் கம்ப்ரஸர் நாள் முழுக்க நிற்காமல் ஓடுகிறதா, இடையிடையே ஓய்கிறதா என்பதுதான் அடுத்துப் பார்க்க வேண்டியது. நின்று நின்று ஓடினால் 4 யூனிட்டில் முடியும் பெட்டி, நிற்காமல் ஓடினால் 7 யூனிட் தின்னும். இன்னொன்று, எல்லாவற்றையும் அணைத்த பிறகும் விளக்கு சிமிட்டினால் எங்கேயோ கசிவு இருக்கிறது, அல்லது உங்களுக்குத் தெரியாமல் ஒரு ஒயர் பக்கத்துக் கடைக்கோ மாடிக்கோ போகிறது. இரண்டையும் நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். உடனே எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள்.

சரி, நீங்கள் கொடுத்த விவரத்தை வைத்து ஒரு நாள் கணக்கைப் போட்டுப் பார்த்தேன். ஐந்து குளிர்பெட்டிக்கும் சேர்த்து 21 யூனிட். இரண்டு ஏசியும் ஒன்பது மணி நேரம் ஓடினால் இன்னொரு 21. எல்இடி டியூப் இருபதுக்கும் ஐந்தரை. சாதா மின்விசிறி நான்குக்கு நாலு யூனிட். மீதி ஐந்தாறு யூனிட் பில்லிங் கம்ப்யூட்டர், கேமரா, யூபிஎஸ், வாசல் போர்டு. மொத்தம் 57, 58. அறுபது நாளுக்குப் பெருக்கினால் உங்கள் பில்லில் இருக்கும் யூனிட் வந்துவிடுகிறது.

லைட்டை மாற்றியும் ஏன் குறையவில்லை என்பதற்கான பதிலும் இதிலேயே இருக்கிறது. சோக் வைத்த பழைய டியூப் 50 வாட் இழுக்கும், எல்இடி 20 வாட். இருபது டியூபுக்கு, 14 மணி நேரத்துக்கு, நாளொன்றுக்கு 8 யூனிட் மிச்சமாகியிருக்கிறது. புதிதாக வந்த ஏசி 10 யூனிட் எடுத்துக்கொண்டது. லைட்டுக்குப் போட்ட பணம் வீண் போகவில்லை. அது இல்லையென்றால் இன்றைய பில் 43,000 ரூபாயைத் தாண்டியிருக்கும்.

இனி குளிர்பெட்டி. மற்ற எதைவிடவும் இதில் அதிக நேரம் செலவழிக்கச் சொல்வேன். ஏசியை அணைக்கலாம், லைட்டை அணைக்கலாம். குளிர்பெட்டிகள் தீபாவளி அன்றும் கடையடைப்பு அன்றும் ஓடிக்கொண்டே இருக்கும்.

நாலைந்து வருஷத்துக்கு முன்னால் நடந்தது. ஓர் அண்ணாச்சி கடையில் ஃப்ரீசர் குளிரவில்லை, கேஸ் போய்விட்டது, ஏற்றித் தரவேண்டும் என்று கூப்பிட்டார்கள். அரிசி, ரவை, மல்லி, மஞ்சள் எல்லாம் சில்லறையாக நிறுத்துக் கொடுக்கும் கடை. ஃப்ரீசரைச் சுவரிலிருந்து இழுக்கவே இரண்டு பேர் தேவைப்பட்டது, பின்னால் அவ்வளவு அட்டைப்பெட்டி செருகியிருந்தார்கள். கீழ்ப்பக்கத்து கிரில்லைக் கழற்றினேன். பெட்டியின் சூட்டை வெளியே விடும் கண்டன்சரின் தகடுகள் கண்ணுக்கே தெரியவில்லை. மாவும் மஞ்சள் தூளும் தெருப்புழுதியும் கம்ப்ரஸர் சூட்டில் இறுகி, பழைய கம்பளித் துணி மாதிரி ஒரு விரல் கனத்துக்கு ஒட்டியிருந்தது. கையால் பிடித்து இழுத்தால் பாய் மாதிரி உரிந்து வந்தது. கேஸெல்லாம் சரியாகத்தான் இருந்தது. சூடு வெளியே போக வழியில்லாமல் அந்தப் பெட்டி மூச்சுத் திணறிக்கொண்டிருந்தது. பெயிண்ட் பிரஷ்ஷால் தட்டி, புளோயரால் ஊதி, சுவரிலிருந்து அரை அடி தள்ளி வைத்தேன். ஒரு வாட் மீட்டரை மாட்டிப் பார்த்ததில், முந்தின நாள் 24 மணி நேரத்தில் 6 யூனிட் இழுத்த பெட்டி நாலரைக்கு வந்திருந்தது. செலவு ஒரு பிரஷ். அவர் போன கோடையில் இதே பெட்டிக்கு வேறொரு ஆளிடம் கேஸ் ஏற்றப் பணம் கொடுத்திருக்கிறார் என்பதுதான் எனக்குத் தாங்கவில்லை.

அதனால் சொல்கிறேன், மளிகைக் கடைக் குளிர்பெட்டிக்கு மாதம் ஒருமுறை தூசு தட்டுவது கட்டாயம். வீட்டு ஃபிரிட்ஜுக்கு வருஷத்துக்கு இரண்டு முறை போதும், இங்கே போதாது. பிளக்கைப் பிடுங்கிவிட்டு, தகடு வளையாமல், மென்மையான பிரஷ்ஷால் மேலிருந்து கீழே தட்டினால் போதும். தண்ணீர் அடிக்க வேண்டாம்.

அடுத்தது கதவு ரப்பர். கேஸ்கெட் என்போம். ஒரு பத்து ரூபாய் நோட்டைப் பாதி உள்ளே பாதி வெளியே இருக்கும்படி வைத்துக் கதவைச் சாத்துங்கள். இழுத்தால் பிடித்து வரவேண்டும். வழுக்கிக்கொண்டு வந்தால் அந்த இடத்தில் காற்று போகிறது. இதைவிடத் தெளிவாகப் பார்க்க வேண்டுமென்றால், இரவு கடை விளக்கையெல்லாம் அணைத்துவிட்டு, போன் டார்ச்சை எரியவிட்டு பால் பெட்டிக்குள் வைத்து மூடுங்கள். ஓரத்தில் எங்கே வெளிச்சக் கோடு தெரிகிறதோ அங்கே உங்கள் காசு ஒழுகுகிறது. பல சமயம் ரப்பர் கெட்டிருக்காது, சிந்திய பாலும் சர்க்கரையும் காய்ந்து ஒட்டியிருக்கும். வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரில் துடைத்தால் சரியாகிவிடும். கிழிந்திருந்தால் மாற்றிவிடுங்கள்.

டயலைப் பற்றி ஒரு வார்த்தை. 7-க்குத் திருப்பினால் சீக்கிரம் குளிரும் என்று எல்லாரும் நினைக்கிறார்கள். குளிரும் வேகம் அதேதான், நிற்கவேண்டிய இடத்தில் நிற்காது என்பது மட்டுமே வித்தியாசம். பால் தயிர் 4 டிகிரிக்குள் இருக்க வேண்டும், அதில் சிக்கனம் பார்க்கவே கூடாது. ஐஸ்கிரீமுக்கு மைனஸ் 18. கூல்டிரிங்ஸுக்கு 5, 6 டிகிரி தாராளம். ஒரு சின்ன டிஜிட்டல் தெர்மாமீட்டர் வாங்கி, தண்ணீர் டம்ளரில் போட்டு, நடுத்தட்டில் ஒரு இரவு வைத்துப் பாருங்கள். கூல்டிரிங்ஸ் ஃபிரிட்ஜில் பால், தயிர், மோர் எதுவும் வைக்காவிட்டால், இரவு 10 மணிக்கு அணைத்துக் காலை 5 மணிக்குப் போடும்படி டைமர் மாட்டலாம். பாட்டில் பானம் அதற்குள் கெட்டுப்போகாது. பால் பாக்கெட் ஒன்றாவது அதில் இருந்தால் இந்த வேலையே வேண்டாம்.

ஃப்ரீசர் சுவரில் ஐஸ் கால் அங்குலம் கட்டிவிட்டால் அணைத்துவிட்டுக் கரையவிடுங்கள். அந்த ஐஸ் போர்வை மாதிரி வேலை செய்யும், குளிர் உள்ளே இருக்கும் சரக்குக்குப் போய்ச் சேராது. கத்தியால் குத்தாதீர்கள். உள்ளே ஓடும் குழாய் ஓட்டையானால் பெட்டியே போச்சு. புதுப் பெட்டிகள் பலவற்றில் ஆர்-290 கேஸ் இருக்கிறது. அது புரொப்பேன், தீப்பிடிக்கும். பெட்டியின் முதுகில் உள்ள ஸ்டிக்கரில் அப்படிப் போட்டிருந்தால், அந்தக் கேஸில் பழகிய மெக்கானிக்கைத்தான் கைவைக்க விட வேண்டும். கடைக்குள் வைத்தே குழாயைத் தீயால் வெல்டு செய்யும் ஆளை உள்ளேயே விடாதீர்கள்.

இப்போது கொஞ்சம் கசப்பான விஷயம். ஐஸ்கிரீம் ஃப்ரீசர் இரண்டும் கம்பெனிக்காரர்கள் கொடுத்தது என்று எழுதியிருந்தீர்கள். பெட்டி இலவசம், கரண்ட் உங்களுடையது. ஒரு பெட்டி நாளுக்கு 4 யூனிட், யூனிட் 10 ரூபாய் என்று பார்த்தால் தினம் 40 ரூபாய், மாதம் 1,200. இதை அந்தப் பெட்டிக்கு நீங்கள் கட்டும் வாடகை என்று நினைத்துக்கொள்ளுங்கள். நூற்றுக்கு 15 ரூபாய் லாபம் நிற்கிறது என்றால், தினம் 267 ரூபாய்க்கு அந்தப் பெட்டியிலிருந்து விற்ற பிறகுதான் கரண்ட் காசு வெளியே வரும். சித்திரை வைகாசியில் அது ஒன்றுமே இல்லை. ஐப்பசி மழையிலும் மார்கழிப் பனியிலும் எவ்வளவு விற்கிறது? பில்லிங் கம்ப்யூட்டரில் இருக்கிறது, எடுத்துப் பாருங்கள். ஒரு கம்பெனிப் பெட்டியில் இன்னொரு கம்பெனிச் சரக்கை வைக்க விடமாட்டார்கள், அதனால் இரண்டையும் ஒன்றாக்க முடியாது. குறைவாக ஓடுகிற கம்பெனியிடம் பேசி, சீசன் முடிந்ததும் பெட்டியைத் திருப்பி எடுத்துக்கொள்ளச் சொல்லுங்கள், அல்லது சரக்கை முழுக்க விற்றுத் தீர்த்துவிட்டு மூன்று மாதம் அணைத்து வையுங்கள். பழகிய விற்பனையாள் முகம் சுளிப்பார் என்று தயங்க வேண்டாம். கரண்ட் பில் கட்டுவது நீங்கள்.

காய்கறிக்குக் கதவில்லாத சில்லர் கேட்டீர்கள். வேண்டாம். நகரத்துப் பெரிய கடைகளில் பார்க்க அழகாக இருக்கும், கை நீட்டினால் எடுத்துக்கொள்ளலாம், விற்பனையும் கூடும், எல்லாம் உண்மை. ஆனால் குளிர்ந்த காற்று கனமானது, தட்டிலிருந்து வழிந்து தரைக்கு வந்துவிடும். கோவில்பட்டி வெயிலில் சின்ன சைஸ் சில்லர்கூட நாளுக்கு 15 யூனிட்டுக்கு மேல் இழுக்கும். அதாவது ஒரு பில்லுக்கு 9,000 ரூபாய். எல்இடி மாற்றி மிச்சம் பிடித்ததெல்லாம் போய், அதற்கு மேலும் போகும். கண்ணாடிக் கதவு வைத்ததையே வாங்குங்கள். விலையைப் பேசும்போது லிட்டரை மட்டும் கேட்காமல், 24 மணி நேரத்துக்கு எத்தனை யூனிட் என்று கேட்டு எழுதி வாங்குங்கள். ஏற்கெனவே கதவில்லாத சில்லர் வைத்திருப்பவர்கள் இதைப் படித்தால், இரவில் இழுத்து மூடுகிற திரை ஒன்றை மாட்டுங்கள், அதுவே பெரிய உதவி.

இன்னொரு விஷயம் பலருக்குப் பிடிபடுவதில்லை. குளிர்பெட்டி கடையைக் குளிரவைக்காது. அது கரண்டாக எடுத்துக்கொள்வதெல்லாம் கடைசியில் சூடாகக் கடைக்குள்தான் வந்து சேரும். பெட்டிக்குப் பின்னால் கையை வைத்தால் தெரியும். நாளுக்கு 21 யூனிட் சூட்டைப் பெட்டிகள் உள்ளே கொட்டுகின்றன, ஏசி ஓடுகிற நேரத்தில் அதைத் தூக்கி வெளியே போடுவது ஏசியின் வேலையாகிறது. ஆக குளிர்பெட்டியில் ஒரு யூனிட் குறைத்தால், ஏசியிலும் கொஞ்சம் தானாகக் குறையும். ஏசியை இரண்டாவதாகப் பார்க்கச் சொல்வதற்கு இதுதான் காரணம்.

ஏசியை 20-ல் வைத்திருப்பதாக எழுதியிருந்தீர்கள். 25-க்குக் கொண்டுவந்து, மின்விசிறியை மெதுவாக ஓடவிடுங்கள். ஒரு டிகிரி கூட்டினால் ஏறக்குறைய 6 சதவீதம் மிச்சம் என்பது மத்திய அரசின் எரிசக்தித் திறன் பணியகம் (பிஇஇ) சொல்லும் கணக்கு. அறை ஏசிகள் 24 டிகிரியில் ஆரம்பிக்கும்படி வரவேண்டும் என்று 2020 ஜனவரியிலிருந்து அவர்கள் விதியே கொண்டுவந்தார்கள். கடைக்கு வருகிறவர் பத்து நிமிஷம் நிற்கிறார், வெயிலிலிருந்து வருபவருக்கு 25 டிகிரியே சொர்க்கம். ஆனால் ஷட்டர் திறந்தபடி இருந்தால் எத்தனை டிகிரியில் வைத்தாலும் பயனில்லை. கண்ணாடிக் கதவு போடுங்கள், முடியாவிட்டால் பட்டை பட்டையாகத் தொங்கும் பிளாஸ்டிக் திரையாவது போடுங்கள். ஃபில்டரை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை கழுவுவது கல்லாவில் இருக்கும் பையனே செய்யக்கூடியது.

உங்கள் கடைக்கு மேலே மொட்டை மாடி என்றால் அங்கேயும் ஏறிப் பாருங்கள். மே மாதம் மதியம் மூன்று மணிக்குக் கடைக்குள் சீலிங்கைத் தொட்டால் சுடும். நம் ஊர்ப் பழைய கட்டடங்களில் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் சேர்த்துக் கொட்டி, மேலே தட்டோடு பதித்தது இதற்காகத்தான். இப்போது அப்படியே சிமெண்ட் தளமாக விட்டுவிடுகிறார்கள். வீட்டுக்காரரிடம் அனுமதி கேட்டு, கோடைக்கு முன்னால் வெள்ளைச் சுண்ணாம்போ கூல் ரூஃப் பெயிண்டோ இரண்டு கோட்டிங் அடித்துவிடுங்கள்.

மின்விசிறி சின்ன விஷயம். 75 வாட் விசிறியை, குறைந்த கரண்டில் ஓடும் மோட்டார் வைத்த 30 வாட் பிஎல்டிசி விசிறியாக மாற்றினால் நான்குக்கும் சேர்த்துத் தினம் இரண்டரை யூனிட். போட்ட காசு ஒன்றேகால் வருஷத்தில் திரும்பும். பழையது ரிப்பேராகும்போது மாற்றினாலும் போதும்.

சரி, சோலார். இதையெல்லாம் செய்தால் நாளுக்கு 57 யூனிட் என்பது 42, 43-க்கு வரும் என்பது என் கணிப்பு. பில்லில் கால்வாசி. ஒரு பில்லுக்கு 9,000 ரூபாய்க்கு மேல். பாதியாகும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள், கடை ஓட வேண்டுமே. ஆனால் இந்தக் கால்வாசிக்குக் கண்ணாடிக் கதவையும் விசிறியையும் தவிரப் பெரிய முதல் எதுவும் வேண்டாம். இதைச் செய்யாமல் சோலார் போட்டால், அடைந்துபோன கண்டன்சருக்கும் ஒழுகும் ரப்பருக்கும் சேர்த்துப் பேனல் வாங்குகிறீர்கள் என்று அர்த்தம்.

நம் பக்கம் ஒரு கிலோவாட் பேனல் சராசரியாகத் தினம் 4 யூனிட் தரும், 100 சதுர அடி நிழலில்லாத மாடி வேண்டும். உங்கள் கடை பகலில் இழுப்பதைப் பார்த்தால் 3 கிலோவாட் போட்டால் பெரும்பாலும் அத்தனையையும் நீங்களே பயன்படுத்திவிடுவீர்கள். பில்லுக்கு 7,000 ரூபாய் அளவுக்கு அதுவும் குறைக்கும். 5 போட்டால் ஏசி ஓடாத மாதங்களில் மிஞ்சும், மிஞ்சியதற்குக் கிடைக்கும் விலை நீங்கள் கொடுக்கும் விலையைவிடக் குறைவு. 78,000 ரூபாய் மானியம் என்று விளம்பரத்தில் பார்த்திருப்பீர்கள். 2024-இல் வந்த அந்தத் திட்டம் வீடுகளுக்கு மட்டும், கடைக்குக் கிடையாது. விற்கிறவர் அதைத் தெளிவாகச் சொல்லாவிட்டால் அவரிடம் வாங்காதீர்கள். வாடகைக் கட்டடம் என்றால் மாடி உங்களுடையது இல்லை. ஒப்பந்தம் இன்னும் எத்தனை வருஷம், காலி செய்தால் பேனல் யாருக்கு என்பதை எழுத்தில் வாங்கிய பிறகுதான் முன்பணம்.

பில்லை எடுத்து இன்னொரு வரியையும் பாருங்கள். ஒப்புதல் பெற்ற மின்பளு, அதாவது ஒரே நேரத்தில் எவ்வளவு வரை இழுக்கலாம் என்று மின்வாரியம் கொடுத்த அளவு, எத்தனை கிலோவாட் என்று இருக்கும். வணிக இணைப்புக்கு ஒவ்வொரு கிலோவாட்டுக்கும் மாதாமாதம் நிலைக்கட்டணம் உண்டு, யூனிட் ஓடினாலும் ஓடாவிட்டாலும். உங்களுக்கு முன்னால் அங்கே மாவு மில்லோ பேக்கரியோ இருந்திருந்தால் அவர்கள் வாங்கிய 15 கிலோவாட்டுக்கு நீங்கள் கட்டிக்கொண்டிருக்கலாம். உங்கள் கடைக்கு 8 போதும் என்று தெரிந்தால் குறைக்கச் சொல்லி மின்வாரிய அலுவலகத்தில் விண்ணப்பம் கொடுங்கள்.

மாடியில் வீட்டு இணைப்பு இருக்கிறதே, அதில் 100 யூனிட் இலவசமாயிற்றே என்று ஃப்ரீசருக்கு அங்கேயிருந்து ஒயர் இழுக்கும் யோசனை மட்டும் வேண்டாம். 2003 மின்சாரச் சட்டத்தின் 126-ஆவது பிரிவில் அது அனுமதியில்லாத பயன்பாடு. எப்போதிருந்து என்று தெரியாவிட்டால் பின்னோக்கி 12 மாதத்துக்கு, அதுவும் இரட்டிப்புக் கட்டணத்தில் கணக்குப் போடுவார்கள். ஐந்து வருஷம் மிச்சம் பிடித்தது ஒரே நாளில் போய்விடும்.

மூன்று இரவு ரீடிங்கையும், ஐந்து பெட்டியும் எத்தனை வருஷப் பழசு என்பதையும் எழுதி அனுப்புங்கள். எந்தப் பெட்டியில் முதலில் கைவைக்க வேண்டும் என்று அப்போது துல்லியமாகச் சொல்லிவிடலாம்.